கிரீன் கார்டு வரிசை: நாட்டு வரம்பை எடுத்தால் மட்டும் போதுமா?

டல்லாஸ்வாசி:
அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நம்மில் எல்லோரும் சொல்கிறோம், எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. வேலை வழி கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) ஆண்டுக்கு 1,40,000 என்பது 1990 சட்டத்தில் வைத்த கணக்கு. அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம், மற்றவர்கள் எடுத்ததுபோக மிச்சம் இருந்தால்தான் கூடுதல். இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. என் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம் பிடித்த நாள், 2016; பிரிவு ஈபி-2, உயர்படிப்பு படித்தவர்களுக்கானது. வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்தது என்று மாதாமாதம் அரசு வெளியிடும் விசா புல்லட்டினைத் திறக்கவே பிடிக்கவில்லை. இந்த நாட்டு வரம்பை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

எடிசன்காரன்:
முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். பார்ப்பது குடியுரிமையைக்கூட இல்லை, பிறந்த நாட்டை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் திருச்சியில் பிறந்தவரும் ஒரே கம்பெனியில் ஒரே வேலைக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தால், திருச்சிக்காரர் பல வருடம் பின்னால் நிற்பார், அவர் நடுவில் கனடா குடியுரிமை வாங்கியிருந்தாலும் இந்திய வரிசைதான். இதில் திறமை எங்கே வருகிறது? 2019-ல் பிரதிநிதிகள் சபை 365-65 என்று வரம்பை நீக்க வாக்களித்தது, 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை நிறைவேற்றியது, இரண்டையும் ஒன்றாக்காமலே அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் வந்த விஷயத்தைக் கைவிடக் கூடாது.

வரிசையில்_ஒருத்தி:
வரம்பு அநியாயம்தான், ஆனால் அதை மட்டும் எடுத்தால் நம் காத்திருப்பு குறையும், மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கூடும், மொத்த எண் மாறாது. செனட்டில் எதிர்ப்பு வருவதும் அதனால்தான். எண்ணுகிற முறையை மாற்றச் சொல்லுங்கள். இப்போது கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் அந்த 1,40,000-ல் நாலு போய்விடுகிறது. வேலை செய்பவரை மட்டும் எண்ணினால் யாருடைய இடத்தையும் பிடுங்காமலே வரிசை வேகமாக நகரும். அப்புறம் 2021 நிதியாண்டில் கோப்புகளை முடிக்க முடியாமல் 60,000-க்கும் மேற்பட்ட வேலை வழி கிரீன் கார்டுகள் வீணாயின. அதை மீட்டுக் கொடுக்க யாருக்கு என்ன நஷ்டம்?

எச்4_அம்மா:
நீங்கள் இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம் இல்லை. 21 வயதானால் எச்-4, அதாவது எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா, போய்விடும். இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை எஃப்-1 மாணவர் விசா வாங்கி வெளிநாட்டு மாணவராக நிற்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். 2002 சட்டம் பிள்ளையின் வயதிலிருந்து கொஞ்சம் கழிக்கிறது, ஆனால் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, பரிசீலனையில் இருந்த நாட்களை மட்டும். பிரீமியம் என்கிற விரைவுப் பரிசீலனைக்குப் பணம் கட்டிச் சீக்கிரம் முடித்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம்தான் கழியும், அதற்குப் பிறகு வரிசையில் நின்ற பத்து வருடத்துக்கு ஒன்றும் கிடையாது.

டல்லாஸ்வாசி:
என் பெண்ணுக்குப் பதினாலு. பிரீமியத்தில்தான் போட்டோம். இதைக் கம்பெனி வக்கீல் சொல்லவே இல்லை.

எச்4_அம்மா:
யாரும் சொல்வதில்லை. 2021-ல் இந்தப் பிள்ளைகளுக்காக மட்டும் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் பெண்ணையே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வையுங்கள். எண்களைவிட அவள் பேசினால்தான் கேட்பார்கள், அதை இந்த மாதமே செய்யுங்கள்.