கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டு: ‘தீம்’ என்பதற்கு ‘அடுக்கு’ சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

உயர்தர மாணவர்களுக்கான கடல் ஒலியியல் சொற்பட்டியலில் திமிங்கிலப் பாட்டுப் பகுதி இன்னும் இழுபடுகிறது. இப்போதைய வரைவில் யூனிட் = அலகு, பிரேஸ் = சொற்றொடர், தீம் = கருப்பொருள், செஷன் = அமர்வு. நான்கையும் மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தப் படிநிலையை 1971இல் ‘சயன்ஸ்’ இதழில் வகுத்தவர்கள் ரோஜர் பெய்னும் ஸ்கொட் மக்வேயும். மனிதக் காதுக்கு இடைவிடாமல் கேட்கும் மிகச் சிறிய ஒலி யூனிட். சில யூனிட்கள் சேர்ந்தால் பிரேஸ். ஒரே மாதிரியான பிரேஸ் திரும்பத் திரும்ப வந்தால் தீம். பல தீம்கள் ஒழுங்கு மாறாமல் வந்து முடிந்தால் ஒரு பாட்டு. அவர்கள் கணக்கில் 7 முதல் 30 நிமிடம். பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் போனால் செஷன்.

இவற்றில் ‘கருப்பொருள்’தான் பெரிய தவறு. அதைப் படிக்கும் பிள்ளை, திமிங்கிலம் எதையோ பற்றிப் பாடுகிறது என்று நினைக்கும். பாடுவது ஆண்கள் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு தீம் இன்னதைச் சொல்கிறது என்று எவரும் நிறுவவில்லை. காதுக்குக் கேட்பது ஒரே தொடர் அடுக்கி வருவது மட்டுமே. அதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது: ‘வா வா’, ‘தீ தீ தீ’ எல்லாம் அடுக்குத்தொடர். ஆகவே பிரேஸைத் ‘தொடர்’ என்றும் தீமை ‘அடுக்கு’ என்றும் வைப்போம். சென்ற மாதம் ஒருவர் சொன்ன ‘பல்லவி’ பொருந்தாது. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வரும். திமிங்கிலத்தின் அடுக்கோ வழமையாக அடுத்த சுற்றில்தான் வரும்.

‘அலகு’ வேறு இடத்தில் தேவைப்படுகிறது. மூஞ்சி நீண்ட இன்னொரு குடும்பத்தை அலகுத் திமிங்கிலம் என்று எழுதுகிறோம். ‘திமிங்கில அலகின் நீளம்’ என்றால் செக்கனா, சென்ரிமீற்றரா? இதற்கு ‘ஒலியசை’ நல்லது. யாப்பில் அசைக்குப் பொருள் வேண்டியதில்லை, ஒலியளவே போதும். அசை பிரிப்பதை அலகிடுதல் என்பதால், பதிவைக் கேட்டு ஒலியசைகளைக் குறிக்கும் வேலைக்கு ‘அலகிடுதல்’ என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. செஷனுக்கு ‘பாடுகை’ போதும்.

—

அண்ணா,

‘அடுக்கு’க்கு என் ஆதரவு உண்டு. ஆனால் நன்னூல் அடுக்குக்கு நான்கு என்று எல்லை வைக்கிறது. திமிங்கிலம் ஒரு முறை மூன்றோடு நிறுத்தும். மறுமுறை பத்தைத் தாண்டும். எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்று வரைவிலக்கணத்தில் எழுதியே ஆக வேண்டும். தொடர்களும் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதில்லை. முன்பாதி பழைய அடுக்கிலும் பின்பாதி புதிய அடுக்கிலும் இருக்கும் தொடர் அடிக்கடி வரும். அதற்கு ‘இடைத்தொடர்’ என்று தனிச்சொல் இல்லாவிட்டால், இரண்டு பேர் அலகிட்ட ஒரே பதிவில் அடுக்கு எண்ணிக்கை ஒத்துப்போகாது.

அடுத்தது, ஒலியசைக்குக் கீழே உள்ள படி. அதை ‘உப அலகு’ என்று விட்டிருக்கிறோம். ‘துடிப்பு’ என்று மாற்றலாம். காதுக்கு ஒரே உறுமலாகக் கேட்பது, நேரத்தோடு மீடிறன் மாறுவதைக் காட்டும் ஒலி வரைபில் துடிப்புகளாகப் பிரிவதே இந்தப் படி. இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவார்கள். செக்கனுக்கு 30 துடிப்பு கொண்ட உறுமலை எடுங்கள்: துடிப்புக்குத் துடிப்பு 0.033 செக்கன். வரைபு போட, பதிவைச் சாளரம் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டியே கணக்கிடுகிறோம். 16 கிலோஹேட்ஸில், அதாவது செக்கனுக்கு 16,000 மாதிரி எடுத்த பதிவுக்கு 2,048 மாதிரிச் சாளரம் வைத்தால் அது 0.128 செக்கன். ஒரு சாளரத்துக்குள் ஏறக்குறைய நான்கு துடிப்பு விழும். வரைபில் துடிப்பே தெரியாது. 30 ஹேட்ஸ் இடைவெளியில் கிடைக்கோடுகள் நிற்கும், அதை இசைத்தொனி என்று எழுதிவிடுவார்கள். சாளரத்தை 512ஆகக் குறைத்தால் 0.032 செக்கன், துடிப்புகள் நிலைக்குத்துக் கோடுகளாகப் பிரியும். ஆனால் மீடிறன் பிரிப்பு 7.8 ஹேட்ஸிலிருந்து 31 ஹேட்ஸுக்குக் கெட்டுவிடும். இரண்டு சாளரத்திலும் பார்த்து, ஒலியசையா என்பதைக் காதாலேயே தீர்மானிக்க வேண்டும் என்று குறிப்பு போடுங்கள்.

—

இருவருக்கும்,

வடக்கேயுள்ள குளிர்கடல் பதிவுகளுக்கு ஒரு சொல் விடுபட்டுள்ளது. கூன்முதுகுத் திமிங்கிலம் ஹவாய், கரீபியன் போன்ற இனப்பெருக்கக் கடல்களில் மட்டும் பாடுவதில்லை. ஐஸ்லாந்தின் வடக்கே ஸ்க்யால்ஃபண்டி குடாவிலும் வட நோர்வேயிலும் மாரியில் பாட்டு பதிவாகியிருக்கிறது. தென்கிழக்கு அலாஸ்காவில் கோடையில் கிடைத்தவை ஹவாய்ப் பாட்டின் சுருங்கிய வடிவங்கள். இரை தேடும் கடலில் சில அடுக்குகள் விடுபடும், ஒழுங்கு குலையும், நடுவில் பாட்டே அறுந்துபோகும். இதற்குக் ‘குறைப்பாட்டு’ என்றால், ஒரு ப் விடுபட்டாலே ‘குறைபாட்டு’ ஆகித் திமிங்கிலத்துக்கு ஏதோ குறை என்றாகிவிடும். ‘பாட்டுத்துணுக்கு’ பாதுகாப்பானது.

துணுக்கு என்று குறிக்குமுன் ஒரு சோதனை. அலாஸ்காவில் ஹெரிங் மீனை வளைக்கும்போது இவை எழுப்பும் இரையழைப்பு, 500 ஹேட்ஸ் அளவில் ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப வரும். புதியவர் அதை அடுக்கு என்பார். தொடருக்குள் வேறுபட்ட ஒலியசைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது அழைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குளிர்நீர் இன்னொரு சிக்கலும் தரும். 2 பாகை நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,455 மீற்றர். கொழும்புக்கு அப்பால் 28 பாகை நீரில் 1,540. நம் கடலில் மேல்நீர் சூடு என்பதால் ஒலி கீழே வளைகிறது. வடக்கே மாரியில் மேல்நீர் குளிர்ந்து கலந்துவிடுவதால், ஆழத்தோடு வேகம் கூடி ஒலி மேலே வளைந்து, நீர்ப்பரப்பில் மோதி மோதிப் போகிறது. எதிரொலி வால் ஒலியசைகளுக்கு இடையிலான மௌனத்தை நிரப்பும். முடிவு எங்கே என்று குறிக்க முடியாது. தொடக்கம் மட்டும் கூர்மையாக நிற்கும். ஆகவே தொடரின் நீளம் என்பது அதன் முதல் ஒலியசையின் தொடக்கத்திலிருந்து அடுத்த தொடரின் முதல் ஒலியசையின் தொடக்கம் வரை என்றே வரையறுப்போம். அடுக்கின் கடைசித் தொடருக்கும் அதுவே அளவு.

நம் தென்கரையில் மிரிஸ்ஸைக்கு அப்பால் கேட்கும் நீலத் திமிங்கிலத்தையும் இதே சொற்களால் எழுதிப் பார்த்தேன். அது ஒரே தொடரைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறது. ‘ஓரடுக்குப் பாட்டு’ என்று விளக்கமில்லாமலே எழுத முடிகிறது. பட்டியலில் அதையும் சேர்த்துவிடுங்கள்.