போர்க்காலக் காவலில் ஆண்களுக்கு நேர்ந்த பாலியல் வதை: குடும்பத்தார் எப்படி நடந்துகொள்வது?

காவாங்கரைக்காரன்:
நாங்கள் புழல் காவாங்கரை முகாமில் வசிக்கிறோம். என் சித்தப்பா போர்க்காலத்தில் இலங்கையில் படையினரின் காவலில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். சிறுநீர் கழிக்கையில் வலியால் துடித்தாலும் மருத்துவர் தொட்டுப் பார்க்க இடம் கொடுப்பதில்லை. அங்கே அடித்ததோடு விடவில்லை என்று அண்மையில் என்னிடம் சொன்னார். அதற்கு மேல், “நான் இனி ஆம்பிளையே இல்லையடா” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மற்ற ஆண்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா? அப்பாவிடம் இதைச் சொல்லலாமா?

ராயபுரம் மனநல மருத்துவர்:
நேர்ந்திருக்கிறது, தம்பி. லண்டனில் சித்திரவதைக்கு ஆளானோருக்குச் சிகிச்சை அளிக்கும் அமைப்பொன்றுக்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களில் 38 பேர் காவலில் பாலியல் வதைக்கு ஆளானதாகக் கூறியதை 2000ஆம் ஆண்டிலேயே லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. வாய் திறக்காதவர்கள் அந்த 38இல் இல்லை.

வதைப்பவனுடைய நோக்கம் பெரும்பாலும் காமம் அன்று. வீட்டையும் ஊரையும் காக்க வேண்டியவன் என்று வளர்க்கப்பட்ட ஒருவனுக்குத் தன்னுடலைக்கூடக் காக்க முடியவில்லை என்று காட்டி, அந்த நினைப்போடு அவனை உயிருடன் திருப்பி அனுப்புவதே அதன் நோக்கம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அச்சத்திலும் வலியிலும்கூட ஆணுறுப்பு விறைப்பதும் விந்து வெளிப்படுவதும் உண்டு. அது உடலின் அனிச்சைச் செயலே தவிர, சம்மதமோ விருப்பமோ அன்று. இதை அறியாத பலர், தாங்களும் அதற்கு உடன்பட்டுவிட்டதாகவோ தங்கள் பாலியல் நாட்டமே மாறிவிட்டதாகவோ எண்ணி, மனைவியிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் தம்மையே தண்டித்துக்கொள்கிறார்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். சொல்வதா வேண்டாமா என்பது சித்தப்பாவின் முடிவு. சிறுநீர்க் கோளாறுக்கு மட்டும் அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொடுமாறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும், காரணம் கூற வேண்டியதில்லை. அவர் பேச விரும்பும் நாளில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காசிமேடு பெரியவர்:
ஒரு கல்யாணத்தைச் செய்து வையுங்கள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ராயபுரம் மனநல மருத்துவர்:
ஐயா, தொடுகையே பழையதை எழுப்பிவிடும் நிலையில் இருப்பவருக்கு முதலிரவு இன்னொரு விசாரணை அறையாகிவிடும். வருகிற பெண்ணையும் எண்ணிப் பாருங்கள்.

பாரிமுனை வழக்கறிஞர்:
இத்தகைய செய்திகள் வெளியே வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1992இல் பொஸ்னியாவின் ஓமர்ஸ்கா முகாமில் கைதிகளைக் கொண்டே சக கைதியின் விதைப்பையைச் சிதைத்த கொடுமை, முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயம் தாடிச் என்பவருக்கு எதிரான வழக்கில் 1997ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில் கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தை என்ற தலைப்பில்தான் இடம்பெற்றது. கைதிகளான இரு சகோதரர்களை வாய்வழிப் புணர்ச்சிக்குக் கட்டாயப்படுத்தியதை, குற்றச்சாட்டு அவ்வாறு வரையப்பட்டிருந்தால் வல்லுறவாகவே கொண்டிருக்கலாம் என்று மறு ஆண்டில் அதே தீர்ப்பாயம், செலிபிச்சி என்ற பொஸ்னிய முகாம் பற்றிய வழக்கின் தீர்ப்பில் கூறியது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையிலும் வல்லுறவு பெண்ணுக்கு எதிரான குற்றம் மட்டுமே. ஆணுக்கு நேர்ந்தது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற பிரிவுக்குள் போய்விடும். நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், ‘இயற்கைக்கு மாறான’ புணர்ச்சியைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு மாற்றாக எதுவும் இல்லாததால், வயதுவந்த ஆணுக்கு அந்த அளவுகூட இடமில்லை.

சித்தப்பா எப்போதாவது முறையிட விரும்பினால், தழும்புகளையும் உட்காயங்களையும் மருத்துவர் எழுத்தில் பதிந்து தந்த சான்று உதவும். ஆனால் அதற்காக இப்போது அவரை நெருக்க வேண்டாம்.