சிவப்பு பிரேக் லைட்டும் மஞ்சள் ஏபிஎஸ் லைட்டும் சேந்து எரியுது, வண்டிய எடுக்கலாமா வேணாமா?

வெள்ளை_ஹேட்ச்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, எதையாவது விட்டுட்டா அப்புறம் அதுதான் முக்கியமா இருக்கும்னு பயம்.

பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 8 வருஷ வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வளைவுல திரும்பறப்போ சிவப்பு கலர்ல வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட லைட் ஒரு செகண்ட் எரிஞ்சு அணைஞ்சுது. ஹேண்ட் பிரேக் சரியா இறக்கலையோன்னு நினைச்சு இறக்கி ஏத்தி பாத்தேன், அப்புறம் மறந்துட்டேன். ஒரு வாரத்துல இறக்கத்துல போறப்பல்லாம் எரிய ஆரம்பிச்சுது. பட்டறைக்கு கொண்டு போனேன், பானெட்ட தூக்கி பாத்துட்டு பிரேக் ஆயில் கம்மியா இருக்கு சார்னு சொல்லி மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தி விட்டாங்க, லைட் போயிடுச்சு.

மூணு வாரம் முன்னாடி முன் வலது வீல்ல ஊஊன்னு ஒரு சத்தம், பேரிங் போச்சுன்னு சொன்னாங்க, இன்னொரு இடத்துல மாத்தினேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே மஞ்சள் ஏபிஎஸ் லைட்டும் (பிரேக் அழுத்தறப்போ வீல் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டத்தோட லைட்), கார் வழுக்கற மாதிரி படம் போட்ட லைட்டும் வந்துடுச்சு. இஞ்சின ஆஃப் பண்ணி திரும்ப போட்டா ரெண்டும் அணையுது, கொஞ்ச தூரம் உருண்டதும் திரும்ப வருது.

இப்போ முந்தாநாள்ல இருந்து அந்த சிவப்பு லைட்டும் திரும்ப வளைவுல கண்ணடிக்குது. நேத்து சாயங்காலம் ரெண்டும் சேந்து எரிஞ்சுது, உண்மையிலயே கை நடுங்கிடுச்சு, பின் சீட்ல அம்மா இருந்தாங்க. பிரேக் நல்லா பிடிக்குது, பெடல் உயரமும் மாறலை. தெரிஞ்சவர் ஒருத்தர் ஏபிஎஸ் யூனிட்டே போயிருக்கும், மொத்தமா மாத்தணும்னு சொல்றார். ரெண்டு லைட்டும் ஒரே பிரச்சனையா? ஓட்டலாமா?

(ரிவர்ஸ் கியர் காலைல போடும்போது கொஞ்சம் கடிக்குது, ஆனா அது கிளட்ச் பழசானதால, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.)

ரோடு_ராசா

ப்ரோ எனக்கும் ஏபிஎஸ் லைட் இப்படித்தான் வந்துச்சு. பேட்டரி மைனஸ் டெர்மினல கழட்டி பத்து நிமிஷம் விட்டு மாட்டினேன், போயிடுச்சு, அதுக்கப்புறம் வரவே இல்ல. பிரேக் ஆயிலுக்கு ஒரு பாட்டில் வாங்கி வண்டியில வச்சுக்கோங்க, குறைஞ்சா ஊத்துங்க. பிரேக் பிடிக்குதுல்ல, அப்புறம் என்ன.

பழைய_ஸ்பானர்

தம்பி, மேல சொன்னத தயவுசெஞ்சு செய்யாதீங்க. ரோடு ராசா, உங்களுக்கு பேட்டரி வோல்டேஜ் இறங்கி லைட் வந்திருக்கலாம், அது நடக்கும், அப்போ கழட்டி மாட்டினா போகும். இங்க கதை வேற.

பிரேக் ஆயில்ங்கறது இஞ்சின் ஆயில் மாதிரி எரிஞ்சு குறையற சாமான் இல்ல. மூடின பைப்புக்குள்ள இருக்கு. குறைஞ்சிருக்குன்னா ரெண்டே வழிதான், ஒண்ணு பேட் தேஞ்சு தேஞ்சு காலிபர் பிஸ்டன் (பேட்ட டிஸ்க் மேல தள்ளற பிஸ்டன்) வெளிய வந்துகிட்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழ இறங்கும், இது பல ஆயிரம் கிலோமீட்டர்ல மெதுவா நடக்கறது, இதுல பயம் இல்ல, பேட் மாத்தி பிஸ்டன உள்ள தள்ளினா லெவல் தானா மேல வந்துடும். இல்லேன்னா எங்கயோ ஒழுகுது. அவ்ளோதான், மூணாவது வழி கிடையாது. நீங்க மேக்ஸ் வரைக்கும் ஊத்தி ரெண்டே மாசத்துல திரும்ப மினிமத்துக்கு வந்திருக்கு. பேட் தேஞ்சு இவ்ளோ வேகமா இறங்காது. அதனால எனக்கு ஒழுகல் மேலதான் சந்தேகம்.

வளைவுல மட்டும் ஏன் எரியுதுன்னா பிரேக் ஆயில் டப்பாக்குள்ள ஒரு மிதவை இருக்கு, லெவல் விளிம்புல இருக்கறப்போ வண்டி திரும்பினா ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை இறங்கி லைட்ட போடும். நேரா வந்ததும் அணைஞ்சிடும். இது சென்சார் கோளாறுன்னு பலபேர் விட்டுடறாங்க. அதான் முதல் எச்சரிக்கை, அதுக்கு அப்புறம் நிரந்தரமா எரியும், அதுக்கு அப்புறம் பெடல் உள்ள போகும்.

ஓட்டலாமான்னு கேட்டீங்க. ஏபிஎஸ் மஞ்சள் லைட் மட்டும்னா சாதாரண பிரேக் வேலை செய்யும், அவசரமா அழுத்தினா வீல் லாக் ஆகி இழுத்துட்டு போகும், அதை மனசுல வச்சு மெதுவா ஓட்டி சரி பண்ண கொண்டு போகலாம். சிவப்பு எரிஞ்சா ஓரமா நிறுத்தி பாக்காம நகரக்கூடாது. ரெண்டும் சேந்து எரிஞ்சா பல வண்டியில ஈபிடியும் வேலை செய்யலைன்னு அர்த்தம், அதாவது பின் வீலுக்கு எவ்ளோ பிரஷர் போகணும்னு பாத்துக்கற ஆள் இல்ல, அழுத்தமா பிடிச்சா பின்பக்கம் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்தும். அம்மாவ உக்கார வச்சு எங்கயும் போகாதீங்க இப்போதைக்கு.

இப்போ செய்ய வேண்டியது. டப்பாவுல இப்போ லெவல் எங்க இருக்குன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க, ஊத்தாதீங்க. நாலு வீலுக்கும் உள்பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க, குறிப்பா பின் டிரம்முக்கு பின்னாடி இருக்கற தகடும் டயரோட உள்பக்க சுவரும், வீல் சிலிண்டர் ரப்பர் போனா அங்கதான் ஈரம் கறுப்பு கோடா இறங்கியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர் (பெடல அழுத்தினா ஆயில பைப்புக்குள்ள தள்ளற சிலிண்டர்) பூஸ்டரோட (கால் விசைய கூட்டிக் கொடுக்கற பாகம்) சேர்ற இடத்துல விரல வச்சு தடவி பாருங்க. அப்புறம் இஞ்சின் ஆஃப்ல பிரேக் பெடல நாலஞ்சு தடவை பம்ப் பண்ணிட்டு, கெட்டியானதும் நல்லா அழுத்தி அரை நிமிஷம் பிடிங்க. கல்லு மாதிரி நின்னா நல்லது. மெதுவா இறங்கிகிட்டே போனா மாஸ்டர் சிலிண்டர் சீலோ வெளி ஒழுகலோ இருக்கு. அதே மாதிரி காலை எடுக்காம இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா ஒரு இழை இறங்கணும், அப்படி இறங்கினா பூஸ்டர் சரியா இருக்கு.

இன்னொண்ணு. சம்பந்தம் இல்லன்னு நீங்க கடைசியா எழுதின அந்த ரிவர்ஸ் கியர் விஷயம்தான் என் கண்ணுல முதல்ல பட்டுது. நிறைய மேனுவல் வண்டியில ஹைட்ராலிக் கிளட்சுக்கு தனி டப்பா கிடையாது, பிரேக் ஆயில் டப்பாவோட பக்கத்துல இருந்தே ஒரு சின்ன ஹோஸ் கிளட்சுக்கு போகும். கிளட்ச் பெடலுக்கு கீழ இருக்கற மேட்ட தூக்கி, மேல பெடல் ராடு சுவத்துக்குள்ள நுழையற இடத்துல ஒரு வெள்ளை டிஷ்யூவ சுத்தி எடுத்து பாருங்க. ஈரமா வந்தா சொல்லுங்க.

வயரிங்_மாமா

ஸ்பானர் அண்ணன் சிவப்ப பாத்துட்டார், நான் மஞ்சளுக்கு வர்றேன். யூனிட் போச்சுன்னு சொன்னவர் பேச்ச கேட்டு எதையும் வாங்கிடாதீங்க.

ஒரு லைட் எப்போ வருதுன்னு கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும். சாவி போட்டதும் எரிஞ்சு அணையவே இல்லேன்னா சென்சார் வயர் அறுந்தது, கனெக்டர் கழண்டது, ஃபியூஸ், யூனிட் இந்த மாதிரி, ஏன்னா சிஸ்டம் நிக்கும்போதே கரண்ட் சர்க்யூட்ட செக் பண்ணிடும். உங்களுக்கு அணையுது, உருண்டதுக்கு அப்புறம் வருது. அதாவது வயர் தொடர்பு சரியா இருக்கு, மூணு வீல் சுத்தறது தெரியுது, ஒரு வீல் மட்டும் நிக்கற மாதிரி யூனிட்டுக்கு தெரியுது. அந்த வழுக்கற படமும் சேந்து வர்றது ஏன்னா அதுவும் இதே வீல் சென்சார நம்பித்தான் வேலை செய்யுது, தனி ரிப்பேர் இல்ல.

பேரிங் மாத்தின அன்னிக்கே வந்திருக்கு, அதுவும் ஒரே வீல்ல கை வச்ச அன்னிக்கு. இப்போ வர்ற நிறைய பேரிங்ல பழைய மாதிரி பல்லு போட்ட இரும்பு வளையம் இருக்காது, பேரிங்கோட ஒரு பக்க சீல்லயே காந்தம் பதிச்சிருப்பாங்க, வடக்கு தெற்கு வடக்கு தெற்குன்னு வரிசையா. கண்ணுக்கு தெரியாது, ரெண்டு பக்கமும் சாதாரண ரப்பர் சீல் மாதிரியே இருக்கும். காந்தம் இருக்கற பக்கம் சென்சார பாத்து உக்காரணும். தலைகீழா பிரஸ் பண்ணிட்டா பேரிங் அருமையா சுத்தும், சத்தம் வராது, ஏபிஎஸ் மட்டும் குருடாயிடும். காந்தம் இல்லாத பேரிங்க மாத்தி போட்டாலும் இதே கதைதான்.

எப்படி உறுதி பண்றதுன்னா, சென்சார் ஒரே ஒரு போல்ட்லதான் இருக்கும், அதை கழட்டி அந்த ஓட்டை வழியா சீல் மேல சின்ன குண்டூசிய கொண்டு போங்க. காந்தம் இருந்தா லேசா இழுக்கும், இல்லேன்னா சும்மா இருக்கும். குண்டூசிய தேய்க்காதீங்க, காந்த அடுக்கு கீறினா அந்த பேரிங்கும் போச்சு. பிரேக் சிஸ்டத்த படிக்கற ஸ்கேனர் இருந்தா இன்னும் நல்லது, லைவ் டேட்டாவுல நாலு வீல் வேகமும் போட்டு 20ல உருட்டுங்க, மூணு 20 காட்டி முன் வலது 0 காட்டினா முடிஞ்சுது. விலை கம்மியான ஓபிடி கருவிகள் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்கறது) நிறைய இஞ்சின் கோடு, அதாவது பி-ல ஆரம்பிக்கறத மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் கோடு சி-ல ஆரம்பிக்கும், அதை படிக்குமான்னு பாத்துட்டு வாங்குங்க.

வெள்ளை_ஹேட்ச்

அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இன்னிக்கு பூரா இதேதான் வேலை.

பெடல் டெஸ்ட் பண்ணேன், இஞ்சின் ஆஃப்ல அரை நிமிஷம் பிடிச்சேன், அசையலை. ஸ்டார்ட் பண்ணதும் லேசா இறங்குச்சு. நாலு வீல் உள்பக்கமும் காஞ்ச தூசிதான், ஈரமே இல்ல. மாஸ்டர் சிலிண்டர் பக்கமும் காஞ்சிருக்கு.

அப்புறம் கிளட்ச் பெடலுக்கு கீழ படுத்து டார்ச் அடிச்சு பாத்தேன். மேட்டுக்கு மேல ஒண்ணும் தெரியலை, மேட்ட மடக்கினதும் அடியில இருக்கற கம்பளி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நனைஞ்சு கறுப்பா இருந்துச்சு, விரல்ல தொட்டா வழவழன்னு, பெடல் இரும்புல பெயின்ட் தோலா உரிஞ்சு வந்துச்சு. டிஷ்யூ வச்சதும் பழுப்பா ஊறிடுச்சு. இத்தனை நாள் என் காலுக்கு கீழயே ஒழுகிட்டு இருந்திருக்கு, நான் பானெட்டுக்குள்ள தேடிட்டு இருந்திருக்கேன். இதனால பிரேக் மொத்தமா போயிருக்குமா?

குண்டூசி வச்சும் பாத்தேன், வலது வீல்ல எந்த இழுப்பும் இல்ல. இடது வீல் சென்சாரையும் கழட்டி அதே குண்டூசிய கொண்டு போனேன், டக்குனு ஒட்டுச்சு.

பழைய_ஸ்பானர்

பெயின்ட் உரியுதுன்னா அது பிரேக் ஆயில்தான், சந்தேகமே வேணாம், அந்த ஆயில் பெயின்ட்ட தின்னும். பெயின்ட் மேலயும் கம்பளி மேலயும் நிறைய தண்ணி விட்டு கழுவுங்க, தண்ணியில கரையும். கையையும் கழுவிடுங்க.

கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கு. கிளட்ச் முழுசா பிரியாததாலதான் ரிவர்ஸ் கடிச்சிருக்கு, கிளட்ச் பிளேட் மேல பழி போடாதீங்க, முதல்ல இதை மாத்தி பாருங்க. பயந்த விஷயத்துக்கு பதில், பொதுவா கிளட்ச் ஹோஸ் டப்பாவுல உயரமான இடத்துல இருந்து எடுத்திருப்பாங்க, கிளட்ச் முழுசா ஒழுகினாலும் அந்த உயரத்துக்கு கீழ பிரேக்குக்கு ஆயில் மிச்சம் நிக்கும். அதனால பிரேக்குக்கு முன்னாடி கிளட்ச்தான் கைவிடும். ஆனா அதை நம்பி ஓட்டாதீங்க, சிக்னல்ல நிக்கறப்போ கியர் எடுக்க வரலைன்னா அதுவும் ஆபத்துதான்.

கிளட்ச் மாஸ்டர மாத்தும்போது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற கீழ் சிலிண்டரையும் பாக்க சொல்லுங்க, ரெண்டும் ஒரே வயசு, மேல புதுசு போட்டதும் பிரஷர் ஏறி கீழ உள்ளது ஒழுக ஆரம்பிக்கறத நிறைய பாத்திருக்கேன். கூடவே மொத்த பிரேக் ஆயிலையும் மாத்தி ஏர் எடுத்துடுங்க. பழுப்பா வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, புதுசு வெளிர் மஞ்சளா இருக்கும். அது காத்துல இருந்து ஈரத்த உறிஞ்சற ஆயில், டாட் 4 (டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர வகை) புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா அந்த அளவு 155 வரைக்கும் இறங்கலாம். நீள இறக்கத்துல பிரேக் சூடேறி உள்ள ஆயில் கொதிச்சா ஆவி ஆகும், ஆவிய அழுத்தினா அமுங்கும், பெடல் தரைக்கு போகும். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு உங்க வண்டி புக்ல இருக்கும், நிறைய வண்டிக்கு 2 வருஷம்தான் போட்டிருப்பாங்க. மூடியில என்ன டாட் எழுதியிருக்கோ அதையே ஊத்துங்க, டாட் 5 சிலிக்கான் ஆயில், அதை கலக்கவே கூடாது.

வயரிங்_மாமா

இடது ஒட்டி வலது ஒட்டலைன்னா வேற சாட்சி வேணாம். பேரிங் மாத்தின இடத்துக்கே போய் சண்டை போடாம அந்த குண்டூசிய காட்டுங்க, புரிஞ்சுக்குவாங்க. ஒண்ணு மட்டும் பிடிவாதமா சொல்லுங்க, அதே பேரிங்க வெளிய தள்ளி திருப்பி போட விடாதீங்க. பிரஸ்ல வெளிய தள்ளும்போது அந்த விசை உருளைகள் வழியா போகும், ஓடற தடத்துல குழி விழுந்துடும், கொஞ்ச நாள்ல திரும்ப ஊஊன்னு ஆரம்பிக்கும். புது பேரிங்தான் போடணும். போடறதுக்கு முன்னாடி குண்டூசிய ரெண்டு பக்கமும் வச்சு எந்த பக்கம் ஒட்டுதுன்னு நீங்களே பாத்துட்டு பிரஸ் பண்ண சொல்லுங்க.

ரோடு_ராசா

அண்ணே, ஒழுகலா இருக்கும்னு எனக்கு தோணவே இல்ல, பாட்டில் வாங்கி வைங்கன்னு சொன்னது தப்புதான். என் வண்டியிலயும் டப்பாவுல கோடு போட்டுட்டேன்.

வெள்ளை_ஹேட்ச்

வேலை முடிஞ்சுது. கிளட்ச் மேல் சிலிண்டர் கீழ் சிலிண்டர் ரெண்டும் புதுசு, ஆயில் மொத்தமும் மாத்தியாச்சு, பழசு வெளிய வந்தப்போ டீத்தண்ணி கலர். பேரிங் புதுசு, பக்கத்துலயே நின்னு குண்டூசி வச்சு பாத்துதான் பிரஸ் பண்ண விட்டேன். சாவி போட்டதும் எல்லா லைட்டும் எரிஞ்சு அணைஞ்சுது, உருண்டதுக்கு அப்புறமும் எதுவும் வரலை, ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. டப்பாவுல புது கோடு போட்டு இன்னியோட பதினோரு நாள், ஆயில் கோட்டுலயே நிக்குது.