சிவி6-ஐ மாற்றியும் நடுவேகம் மாறவில்லை, யாராவது சொல்லுங்கள்

மண்டபம் லோகோ:
வணக்கம். மாதிரி ரயில் ஓட்டுகிறேன், ஹெச்ஓ அளவில் இரண்டு டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன், இரண்டிலும் டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்). ஒன்று புதிது, மற்றது இன்னொருவரிடம் ஓடிவிட்டு என் கைக்கு வந்தது. பாம்பன் பழைய பாலம் மாதிரி ஒரு துண்டு கட்டிக்கொண்டிருக்கிறேன், அதன் மேல் இரண்டையும் ஜோடி போட்டு மெதுவாக ஊர விட வேண்டும். ஆனால் கைமாறி வந்த எஞ்சின் முதல் சில படிகளில் முக்கிக்கொண்டு நிற்கிறது, அப்புறம் திடீரென்று பாய்கிறது, நடுவேகத்தில் புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. டீகோடரின் அமைப்பு எண்களான சிவிகளில் சிவி2 (தொடக்க வேகம்), சிவி5 (உச்ச வேகம்), சிவி6 (நடுவேகம்) எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. புரோகிராமிங் டிராக்கில் (சிவி எழுதவும் படிக்கவும் தனியாக வைத்த தண்டவாளத் துண்டு) வைத்துப் படித்தால் எழுதிய எண்தான் வருகிறது, ஓட்டினால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மோட்டார் போய்விட்டதா?

தொண்டிக்காரன்:
முதலில் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு எதுவும் தப்பாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கீறலில்தான் அழுக்கு சேரும். சரியாகவில்லை என்றால் சிவி8-இல் 8 எழுதி ரீசெட் செய்துவிடுங்கள், பல டீகோடரில் அது வேலை செய்யும்.

மண்டபம் லோகோ:
துடைத்தாயிற்று அண்ணே. அதே தண்டவாளத்தில் புதியது வெண்ணெய் மாதிரி போகிறது.

கீழக்கரை காக்கா:
தம்பி, ரீசெட்டுக்குப் போக வேண்டாம். பெரும்பாலான டீகோடரில் முகவரி (எஞ்சினைக் கூப்பிடும் எண்) 3-க்குத் திரும்பிவிடும், விளக்கு, சத்தம் என்று ஏற்கெனவே அமைத்ததெல்லாம் போகும். புதியது அதே இடத்தில் சரியாக ஓடுகிறது, இதில் எண்ணும் எழுதுகிறது படிக்கிறது, அப்படியானால் டீகோடர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. சிவி29 என்ன காட்டுகிறது?

மண்டபம் லோகோ:
22.

கீழக்கரை காக்கா:
அதுதான் விஷயம். 22 என்பது 2, 4, 16 மூன்றின் கூட்டு. 2 என்றால் வேகத்தை 28 அல்லது 128 படிகளாகப் பிரிப்பது, 4 என்றால் சாதா டிசி மின்சாரத்திலும் ஓடும், 16 என்றால் வேக அட்டவணையை (ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக வேகம் எழுதிய பட்டியல்) பயன்படுத்து என்று உத்தரவு. முன்னால் வைத்திருந்தவர் சிவி67 முதல் சிவி94 வரை தனக்குப் பிடித்த மாதிரி 28 புள்ளி நிரப்பி வைத்திருக்கிறார். அட்டவணை இயங்கும்போது பல டீகோடர்கள் சிவி2, 5, 6 மூன்றையும் கண்டுகொள்வதே இல்லை. 16-ஐக் கழித்து சிவி29-இல் 6 எழுதிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வீட்டில் டிசி கன்ட்ரோலரே கிடையாது என்றால் 2 எழுதலாம், எப்போதாவது எஞ்சின் தானாகப் பிய்த்துக்கொண்டு ஓடும் தொல்லை குறையும்.

நீள முகவரி போட்டிருந்தால் 32 தனியாகச் சேர வேண்டும், உங்களுடையது 22 என்பதால் அது இல்லை.

மண்டபம் லோகோ:
காக்கா, 6 எழுதினேன், உடனே மாறிவிட்டது! இப்போது இரண்டையும் ஒரே வேகத்துக்கு எப்படிக் கொண்டு வருவது?

கீழக்கரை காக்கா:
எது மெதுவாக ஓடுகிறதோ அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், வேகமானதைத்தான் குறைக்க முடியும், மெதுவானதைச் சிவி5-இல் 255 போட்டாலும் மோட்டார் தரும் வேகத்துக்கு மேல் போகாது. இரண்டையும் முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள், குளிர்ந்த மோட்டாரில் பொருத்திய வேகம் பிறகு விலகும். சிவி3 (வேகம் ஏறும் தாமதம்), சிவி4 (வேகம் இறங்கும் தாமதம்) இரண்டிலும் 0 போடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் மெல்ல மெல்ல வேகம் பிடிப்பதை நடுவேகம் என்று நினைத்துவிடுவீர்கள். முதல் படியில் இரண்டும் ஒன்றாக ஊரும் வரை சிவி2, அப்புறம் கடைசிப் படியில் சிவி5, நடுப்படியில் சிவி6. கடைசியில்தான் சிவி3, 4-க்குத் திரும்ப வர வேண்டும், அதுவும் இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் நிற்கிற மாதிரி.

மெயின் லைனில், அதாவது வழக்கமாக ஓட்டும் தண்டவாளத்தில், வைத்தே எழுதும் வசதி உங்கள் கன்ட்ரோலரில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுவது கண்ணுக்குத் தெரியும். புரோகிராமிங் டிராக்கில் என்றால் ஒரு எஞ்சின்தான் நிற்க வேண்டும், இரண்டு நின்றால் இரண்டிலும் எழுதிவிடும்.

தொண்டிக்காரன்:
கணினி இருந்தால் ஜேஎம்ஆர்ஐ-யின் டீகோடர்புரோ என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். முதலில் இரண்டின் சிவிகளையும் படித்துச் சேமித்துவிட்டால் எதைக் கெடுத்தாலும் பயமில்லை. வேகம் அளக்க ஒரு கணக்கு: ஹெச்ஓ 87-இல் ஒரு பங்கு, மணிக்கு 15 கி.மீ. என்றால் நொடிக்கு 4.8 செ.மீ. வரும், அதாவது ஒரு மீட்டர் கடக்க சுமார் 21 நொடி. பாலம் முழுவதும் கட்டுவதாக இருந்தால் மட்டும் வீட்டை விற்க வேண்டியிருக்கும், 2 கி.மீ.க்குச் சற்று அதிகம், ஹெச்ஓவில் 24 மீட்டரை நெருங்கும்.

மண்டபம் லோகோ:
நமக்குக் கப்பல் போகத் திறக்கும் ஷெர்ஸர் தூக்கும் பகுதி மட்டும்தான் அண்ணே. முன்னோக்கி இப்போது பொருந்திவிட்டது, பின்னோக்கி ஓட்டினால் அதே எஞ்சின் கொஞ்சம் பின்தங்குகிறது.

கீழக்கரை காக்கா:
சிவி66 முன்னோக்கி ஓடும் வேகத்தைச் சற்றே திருத்துவதற்கு, சிவி95 பின்னோக்கி ஓடும் வேகத்தைத் திருத்துவதற்கு. எல்லா டீகோடரிலும் இருக்காது, கையேட்டில் பாருங்கள். சிவி95-ஐச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள் தம்பி, கொக்கியில் இருக்கும் தளர்ச்சியே அதைச் சமாளிக்கும்.