‘எதிரயனிப் பிணைப்பு’ வேண்டாம், ‘பற்றல்’ போதும்

நாகர்கோவிலிலிருந்து:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பல்லின வளையங்கள் (கார்பனோடு நைட்ரஜன் போன்ற வேறு அணுவும் சேர்ந்த வளைய மூலக்கூறுகள்) ஃபுளூரைடு, குளோரைடு போன்ற எதிரயனிகளை, அதாவது எதிர்மின் அயனிகளை, இழுத்து நிறுத்துவதற்கு (anion binding) தாங்கள் முன்மொழிந்த ‘எதிரயனிப் பிணைப்பு’ என்னும் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று பள்ளியில் படித்து வந்த மாணவர், வளையமும் ஃபுளூரைடும் ஒரே மூலக்கூறாகிவிட்டன என்றே கொள்வார். இங்கு நடப்பது அதுவன்று. ஐந்தணு வளையமான பிர்ரோலில் நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை வளையம் முழுதும் பரவிய அரோமேட்டிக் எலக்ட்ரான் அமைப்பில் கலந்துவிடுவதால், அந்நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை பெற்று, ஹைட்ரஜன் பிணைப்பால் எதிரயனியை இழுத்து நிறுத்துகிறது. ஆறணு வளையமான பிரிடினில் அவ்விணை வளையத்துக்கு வெளியே நிற்பதால், புரோட்டான் ஏற்றாலன்றி, எதிரயனியை அது விலக்கவே முற்படும்.

1886-இல் ஜெர்மன் வேதியியலாளர் பேயர் பிர்ரோலையும் அசிட்டோனையும் சேர்த்து உண்டாக்கிய, நான்கு பிர்ரோல் வளையங்கள் கோத்த காலிக்ஸ்[4]பிர்ரோல், அயனி இல்லாதபோது அடுத்தடுத்த வளையங்கள் மேலும் கீழுமாகத் திரும்பியிருக்க, ஃபுளூரைடு வந்ததும் நான்கு ஹைட்ரஜன்களையும் ஒரே பக்கம் திருப்பிக் கூம்பு வடிவம் கொள்கிறது. இப்பண்பை 1996-இல்தான் அமெரிக்க வேதியியலாளர் செஸ்லர் குழுவினர் வெளியிட்டனர் என்பது எனக்கு இன்றும் வியப்பே. நண்டுக் கொடுக்குப்போல் பிடிப்பதைக் குறிக்கும் ‘கொடுக்கிணைப்பு’ (chelation) என்ற அழகிய சொல் உலோக அயனிகளுக்கு உரியதாகிவிட்டபடியால், இதற்கு ‘எதிரயனிப் பற்றல்’ எனலாம்.

பற்றல் வேறு, இனங்காணல் வேறு. நம் புத்தளம் உப்பளத்து உவர்நீரைப்போல் குளோரைடு மிகுந்த கரைசலில், எதிர்ப்படும் எதையும் பற்றும் மூலக்கூறு பற்றலோடு நின்றுவிடுகிறது. அத்தனை குளோரைடையும் விலக்கிச் சிறிதளவு பாஸ்பேட்டை மட்டும் தேர்ந்தால்தான் அது இனங்காணல். நீரோ ஃபுளூரைடை இறுகச் சூழ்ந்துகொள்வதால், கரிமக் கரைப்பானில் எளிதாக நடக்கும் தேர்வு நீரில் அரிதாகிறது. ‘பல்லின வளையம்’ பாடநூலில் நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. எதிரயனியைப் பற்றும் வளையத்தை ‘எதிரயனி ஏற்பி’ (receptor) எனலாம் என்பது என் கருத்து.

தக்கலையிலிருந்து:

‘பற்றல்’ எனக்கு உடன்பாடே, ஐயா. ‘ஏற்பி’யில்தான் சிக்கல். ஹைட்ரஜன் பிணைப்பில் ஹைட்ரஜனைத் தரும் வளையம் வழங்கி (donor), எதிரயனியே ஏற்பி (acceptor). ஒரே பத்தியில் இரண்டையும் ஏற்பி என்று எழுதினால் வகுப்பில் குழப்பமே மிஞ்சும். 1,2,3-டிரையசோல் வளையங்களாலான மூலக்கூறுகளில் கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனே குளோரைடைப் பற்றுகிறது. அங்கும் வளையம் வழங்கியே. ‘பற்றி’ எனச் சுருக்கலாமென்றால், ‘குளோரைடு பற்றி’ என்பது கட்டுரைத் தலைப்பாகிவிடும். ஆதலால் ‘பற்றுமூலக்கூறு’ என்றும், அதன் வலிமையைக் குறிக்கும் எண்ணைப் ‘பற்றல் மாறிலி’ என்றும் வழங்கலாம். ‘பற்று மாறிலி’ என்றால் வங்கிக் கணக்கின் வரவு பற்று நினைவுக்கு வரும்.