ஷார்ட் ஷாட்: கடைமடைக் குறையா, குறைவார்ப்பா?

பிளாஸ்டிக் விமான மாதிரிகளைக் கட்டுவோருக்கான தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் நம் குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ‘கன்வர்ஷன்’ என்பதற்கு ‘வகைமாற்றம்’ என்ற சொல்லை ஒப்புக்கொண்டோம். ஒரு விமானத்தின் ஒரு வகைக்காக வார்த்த பெட்டியை, அதாவது மாதிரியின் உறுப்புகள் அடங்கிய தொகுதியை, கொண்டு அதே விமானத்தின் வேறொரு வகையைக் கட்டுவது என்ற பொருள் அதில் நேராக விழுவதால், அதை மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. அப்படியொரு வகைமாற்றத்தைச் செய்துகொண்டிருக்கையில் கையில் தட்டுப்பட்ட வேறொரு சொல்லைப் பற்றியே இம்மடல்.

என் மேசைமேல் இருப்பது 1960களின் அச்சில் வார்த்த நேட் விமானம். 72இல் ஒரு பங்கு அளவு. பெட்டிக்குள் உள்ளது பிரித்தானிய விமானப்படையின் இரட்டை இருக்கைப் பயிற்சி வகை. எனக்கு வேண்டியதோ இந்திய விமானப்படையின் ஒற்றை இருக்கைப் போர்வகை, அதாவது 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்வெளியில் நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டிச் சென்று, இறந்தபின் பரம்வீர் சக்கரம் பெற்ற அந்த வகை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருந்தாலும், பயிற்சி வகையின் இறக்கை முனையிலிருந்து முனைவரை 7.3 மீட்டர், போர்வகையினது 6.7 மீட்டர். நம் அளவில் இது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வேறுபாடு. ஆகவே பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, இறக்கையின் அகலத்தையும் குறைக்க வேண்டும். பின்னிருக்கையை மூடி முதுகைப் புதிதாக எழுப்ப வேண்டும். காற்று நுழைவாயில்களின் வெளிப்பக்கத்தில் 30 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கான புடைப்புகளைச் சேர்க்க வேண்டும். பயிற்சி வகையில் பீரங்கியே கிடையாது.

இவையெல்லாம் எதிர்பார்த்த வேலைகள். எதிர்பாராதது, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்ட வார்ப்புக் குறை. இடப்பக்க வால் இறக்கையை விளக்குக்கு எதிரே பிடித்தபோது அதன் பின்விளிம்பில் நகம் கடித்ததுபோல் ஒரு வளைவு தெரிந்தது. உடைந்த விளிம்பு கூராக இருக்கும், விரலில் குத்தும். இது உருண்டு மழுங்கி, வழவழவென்று இருந்தது. உருகிய பிளாஸ்டிக் அந்த இடத்தை எட்டுமுன்பே உறைந்துவிட்டதன் அடையாளம் அது. வார்ப்புத் தொழிலில் இதை ‘ஷார்ட் ஷாட்’ என்கிறார்கள். நம் தொகுப்பில் இதற்கு எதிரே ‘குறைவார்ப்பு’ என்று எழுதி, வினாக்குறி இட்டு வைத்திருக்கிறோம்.

குறைவார்ப்பு தவறான சொல் அன்று. ஆனால் அது எந்தக் குறையையும் சொல்லும். தடித்த பகுதி ஆறும்போது மேற்பரப்பு உள்வாங்கிக் குழிவதும் குறைதான்; அச்சின் இரு பாதிகள் நேராகச் சேராமல் படிபோல் விளிம்பு விழுவதும் குறைதான். எந்தக் குறை, எங்கே தேட வேண்டும், ஏன் வந்தது என்று சொல்லாத சொல் பெட்டியைக் கட்ட உட்காருபவனுக்கு அரைச்சொல்தான்.

நான் பிறந்தது நாகப்பட்டினம் மாவட்டத்துத் தலைஞாயிறு. இப்போது வசிப்பது திருவையாறு. கல்லணையில் திறந்த தண்ணீர் ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை என்று படிப்படியாக இறங்கி வயலுக்கு வருவதையும், வராமல் போவதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வால் இறக்கையைப் பார்த்ததும் வாயில் வந்த சொல் ‘கடைமடை’. மேட்டூரில் ஜூன் 12ஆம் நாள் திறந்தார்களா என்பது தலைமடைக்காரர்களுக்குச் செய்தி; தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததா என்பதே எங்களுக்குச் செய்தி. ஆகவே என் முன்மொழிவு: ஷார்ட் ஷாட் என்பதைக் ‘கடைமடைக் குறை’ என்போம்.

இது வெறும் ஊர்ப்பற்று இல்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி அச்சுக்குள் செலுத்தும் ஊசிவார்ப்பின் அமைப்பே பாசன அமைப்புத்தான். எந்திரத்தின் மூக்கிலிருந்து பிளாஸ்டிக் இறங்கும் தடித்த தண்டுதான் தொழிலில் ‘ஸ்ப்ரூ’. அதிலிருந்து கிளை பிரிந்து ஓடுவது ‘ரன்னர்’. ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் நுழையும் குறுகிய வாய் ‘கேட்’. பொழுதுபோக்காகக் கட்டும் நாம் மொத்தச் சட்டகத்தையும் ஸ்ப்ரூ என்று அழைத்து முதல் இரண்டையும் குழப்பிவிட்டோம். தலைவாய்க்கால், வாய்க்கால், மடை என்று வைத்தால் அந்தக் குழப்பம் தமிழில் நுழையவே நுழையாது. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தை இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று அடையாளம் சொல்வதைப் படித்தவர்களுக்கு, பெட்டியின் வரைபடத்தில் இன்ன சட்டகத்தில் இத்தனையாம் உறுப்பு என்று தேடுவது பழகிய வேலையாகவே இருக்கும்.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. பழைய அச்சில் இரு குறைகள் சேர்ந்தே வரும். அச்சின் சேரும் விளிம்புகள் தேய்ந்திருப்பதால் பிளாஸ்டிக் இடுக்கில் கசிந்து மெல்லிய சவ்வாகப் படியும். இதைத்தான் ‘பிசிறு’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். கடைசி மூலை நிரம்பட்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால் பிசிறு பெருகும். பிசிறு வேண்டாம் என்று குறைத்தால் கடைசி மூலை காயும். தலைமடையில் வரப்பு வழிகிறது, கடைமடையில் நிலம் வெடிக்கிறது என்பதைப் பார்த்திருக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. என் பெட்டியிலும் உடற்பகுதியின் இரு பாதிகளிலும் மடையருகே பிசிறு கத்தரிக்கும் அளவுக்கு நீண்டிருக்கிறது.

போகிறபோக்கில் இன்னொன்று. வாய்க்கால் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவப் பசையில் ஓரிரவு ஊறவைத்தால் கூழாகும். அதைக் குறையிருக்கும் இடத்தில் அப்பி, நன்றாக இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்தால் உறுப்பின் அதே கடினத்தோடு நிற்கும், கடையில் விற்கும் நிரப்புப் பசைபோல் ஓரத்தில் பொரிந்து வராது. வாய்க்காலில் தூர்வாரிய மண்ணை வயலில் போடுவதுதானே இது? இதற்கு ‘வண்டல்’ என்று பெயர் வைக்கலாமா என்று கேட்க நினைத்தேன். இன்று ஒரு சொல் போதும்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம். பிழைப்பு சென்னையில், ஒரு பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில். எங்களிடம் எந்திரம் ஓட்டுபவர்கள் ‘ஷார்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். தலைவாய்க்கால், வாய்க்கால், மடை ஆகிய மூன்றும் எனக்கு முழுச் சம்மதம். நாளைக்கே பட்டறையில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆனால் ‘கடைமடைக் குறை’யில் எனக்கு ஒரு தடை உண்டு. குறை எப்போதும் மடைக்கு வெகுதொலைவில் வருவதில்லை. அச்சுக்குள் இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட்டால், உறுப்பின் நட்ட நடுவிலும் ஓட்டை விழும். பழைய அச்சில் காற்றுப்போக்கிகள் அழுக்கேறி அடைத்துக்கொள்வது வழக்கம். அந்த ஓட்டையைக் கடைமடை என்று அழைத்தால் எந்திரம் ஓட்டுபவர் தவறான முனையில் தேடுவார். மேலும், ‘கடைமடைக் குறை’ என்பதைக் கேட்டதும் குறைதீர்க்கும் கூட்டத்தில் விவசாயிகள் கொடுக்கும் மனுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பொறுத்தருள்க.

*

அன்புத் தம்பிகள் இருவருக்கும் ஆசிகள்.

கும்பகோணத்தில் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்துவிட்டு ஓய்ந்திருக்கிறேன். விமானம் எனக்குத் தெரியாது. பேரன் கட்டி, கூரையில் தொங்கவிட்டிருப்பதைத் தூசி தட்டுவதோடு சரி. ஆனால் உங்கள் வழக்கு இலக்கணத்தில் முன்பே தீர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நன்னூல் செய்யுள் விகாரத்தில் ஒரு சொல் மூன்று இடத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். தாமரை ‘மரை’ என்று வந்தால் முதற்குறை; ஓந்தி ‘ஓதி’ என்று வந்தால் இடைக்குறை; நீலம் ‘நீல்’ என்று வந்தால் கடைக்குறை. திருவையாற்றுத் தம்பியின் வால் இறக்கையில் விளிம்பு இல்லாமற் போனது கடைக்குறை. சென்னைத் தம்பியின் உறுப்பில் நடுவே ஓட்டை விழுந்தது இடைக்குறை. ‘கடைமடைக் குறை’ என்பதில் ‘மடை’யை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதுவே ஓர் இடைக்குறைபோல இருக்கிறது. சொல் சுருங்கியது, பொருள் சுருங்கவில்லை. செய்யுளில் ஓசைக்காகப் புலவர் வேண்டுமென்றே குறைப்பார், உங்கள் அச்சில் அது வேண்டாமலே குறைகிறது என்று யாரேனும் மறுக்கக்கூடும். பெயர் குறித்தது குறைந்த இடத்தை. குறைத்தவரின் நோக்கத்தை அன்று.

*

அம்மாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

மடலைப் படித்துவிட்டுச் சற்று நேரம் நான் எதுவும் எழுதவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த சொல் பக்கத்திலேயே இருக்க, அதைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறேன். என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சென்னை நண்பர் எழுப்பிய தடைக்கும் ‘இடைக்குறை’ நேரான விடை. ‘முதற்குறை’ மட்டும் நமக்குத் தேவைப்படாது. மடையின் வாயிலேயே பிளாஸ்டிக் நுழையாவிட்டால் அங்கே உறுப்பே இருக்காது, குறையைப் பற்றிப் பேசவும் இடமிராது.

இலக்கணச் சொல்லையே இங்கும் ஆண்டால் மாணவர் குழம்புவார்களே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருக்கிறார். ஒருவர் கையில் செய்யுளும் இன்னொருவர் கையில் வால் இறக்கையும் இருக்கையில் குழப்பம் வர வழியில்லை. ‘அடி’ என்ற சொல்லைக் கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பள்ளியில் ஆண்டுகொண்டுதான் இருக்கிறார்கள்.

சொற்கள் கைக்கு அடங்குகின்றனவா என்று பார்ப்பதற்காக, என் கட்டுமானக் குறிப்பின் ஒரு பத்தியை இவற்றைக் கொண்டே எழுதிப் பார்த்தேன். யாருக்கேனும் ஏதேனும் இடத்தில் இடறினால் சொல்லுங்கள். இடறாவிட்டால் தொகுப்பில் வினாக்குறியை எடுத்துவிடலாம்.

“உறுப்புகளை வாய்க்காலிலிருந்து பிரிக்கும்போது மடையை ஒட்டி வெட்டாமல் அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்க்கவும். பிசிறைக் கத்தியின் முதுகால் சுரண்டியபின் ஒவ்வோர் உறுப்பையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். வலது இறக்கையின் முனையில் 2 மில்லிமீட்டர் கடைக்குறை உண்டு. போர்வகைக்கு மாற்றுகையில் அம்முனையே வெட்டுப்பட்டுப் போவதால் அதைத் திருத்த வேண்டியதில்லை. இடது வால் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள கடைக்குறையை நேர்கோடாக வெட்டிச் சதுரமாக்கி, கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, ஒரு நாள் காய்ந்தபின் வலது வால் இறக்கையைப் பார்த்து வடிவம் கொடுக்கவும். சக்கரக் கதவில் இடைக்குறை உண்டு. நேட் விமானம் வேகத்தைத் தணிக்கச் சக்கரங்களைப் பாதி இறக்கி அக்கதவுகளையே தடுப்பாகப் பயன்படுத்தியதால் அவை திறந்தே காட்டப்படும், ஆகையால் இருபுறமும் வண்டல் அப்பித் தேய்க்கவும்.”

‘வண்டல்’ தானாகவே உள்ளே வந்துவிட்டது. அதை அடுத்த வாரம் விவாதிப்போம்.