2,695 கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு 1.3 லட்சத்தைப் பற்றிப் பேசலாமா?

பொதுத்துறைக்காரன்:
பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய பள்ளிக் கழிப்பறைகள் பற்றிய சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைக் காட்டித்தான் இன்றைக்கும் எங்களைத் திட்டுகிறார்கள். என்டிபிசி, கோல் இந்தியா, ஓஎன்ஜிசி உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கட்டியதாகக் கணக்கில் இருப்பவை 1,30,703. தணிக்கைக் குழு நேரில் பார்த்தது 15 மாநிலங்களில் 2,695. வெறும் 2 சதவீதம்! அதை வைத்து "11 சதவீதம் கட்டப்படவே இல்லை அல்லது அரைகுறை" என்று தலைப்புச் செய்தி. மீதி 98 சதவீதத்தை யார் பார்த்தார்கள்?

புள்ளியியல்பித்தன்:
யாரும் பார்க்கத் தேவையில்லை, அதுதான் சாம்பிளின் பயனே. எத்தனை சதவீதம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம். 2,695ஐக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால், 11 சதவீதத்தில் பிழை (சாம்பிள் மட்டும் பார்ப்பதால் வரும் ஏற்ற இறக்கம்) ஏறத்தாழ 1.2 புள்ளி மேலோ கீழோ இருக்கும். மொத்தம் 13 லட்சமாக இருந்தாலும் அதே பிழைதான்.

ஒரு சிக்கல் உண்டு. இந்த 2,695ம் 2,048 பள்ளிகளுக்குள் இருக்கின்றன. ஒரே பள்ளியில் இருப்பவற்றை ஒரே ஒப்பந்ததாரர் கட்டியிருப்பார். ஒன்று மோசமென்றால் பக்கத்தில் இருப்பதும் மோசமாகவே இருக்கும். அதனால் பிழை கூடும். சரி, இரட்டிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். 8.5க்கும் 13.5க்கும் நடுவில் வரும். பூஜ்யத்துக்கு வராது.

பொதுத்துறைக்காரன்:
"குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்" என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. புகார் வந்த மாவட்டம், பணம் அதிகம் போன மாவட்டம் என்று தேடிப் போவதுதானே ஆடிட்டர்களின் பழக்கம்? ஆயிரம் பானைகளில் தீய்ந்த வாசனை வருவதாகப் பார்த்துத் திறந்துவிட்டு, சமையலே கெட்டது என்றால் எப்படி?

ஏஜி_ஆபீஸ்_ஓய்வு:
இரண்டு விஷயங்களைக் குழப்புகிறீர்கள். பணம் அதிகம் போன மாவட்டத்துக்குத் தேர்வாகும் வாய்ப்பை அதிகமாக வைப்பது தவறே இல்லை. அளவுக்கு ஏற்ற வாய்ப்பு என்பது அங்கீகரிக்கப்பட்ட முறை. ஆனால் கணக்குப் போடும்போது அந்த வாய்ப்புக்கு ஏற்ற எடையை (அதிக வாய்ப்பு பெற்றதற்குக் குறைந்த எடை) கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். புகாரை வைத்துத் தேர்ந்தெடுப்பது வேறு. அமைப்பில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க நாலு கோப்பு போதும், ஆனால் அதிலிருந்து சதவீதம் எழுதக் கூடாது.

நம் நாட்டு அறிக்கைகளில் பலவற்றில் நான் பார்க்கும் குறை, எடையும் போடாமல் பிழை எல்லையும் சொல்லாமல் வெறும் சதவீதத்தோடு பாராவை முடிப்பது. நூறு நாள் வேலைத் திட்டம் பற்றிய 2013 அறிக்கைக்காக 3,848 கிராம ஊராட்சிகளின் ஆவணங்களைப் புரட்டினார்கள். அவ்வளவு உழைத்தவர்கள் பிழை எல்லைக்கு ஒரு வரி ஒதுக்குவதில் என்ன சிரமம்?

டேட்டாபிரியன்:
இந்தக் காலத்தில் சாம்பிளே எதற்கு? மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் பற்றிய 2023 சிஏஜி அறிக்கையைப் பாருங்கள். தரவுத்தளம் முழுவதையும் அலசியதால்தான் 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணில் இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே இறந்ததாகப் பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய் கொடுத்திருப்பதும் அப்படித்தான் வெளியே வந்தது. இதுபோன்ற அபூர்வ கேஸ்கள் சாம்பிளில் சிக்கவே சிக்காது.

புள்ளியியல்பித்தன்:
அபூர்வமானதற்கு முழுத் தரவுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் கழிப்பறைக்கு வாருங்கள். 2,695ல் 83 கட்டுவதற்கு அடையாளம் கண்டதோடு நின்றவை. மீதி 2,612ல் 200 இருக்கும் இடமே தெரியவில்லை, 86 அரைகுறை; இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 11 சதவீதம். அந்த 200ம் கணக்கில் 'கட்டி முடிக்கப்பட்டது'! உங்கள் தரவுத்தளத்தை எத்தனை முறை அலசினாலும் அவை பச்சை டிக்கோடுதான் நிற்கும். பள்ளிக்குப் போய் நின்றால்தான் தெரியும். 1.3 லட்சம் இடங்களுக்கும் போக ஆளில்லை, அதனால் சாம்பிள்.

அப்புறம், அந்த 9999999999க்கு அரசு சொன்ன பதில் நினைவிருக்கிறதா? பயனாளியை உறுதிசெய்ய மொபைல் எண் பயன்படுத்தப்படுவதில்லை என்றார்கள். தரவில் முரண் தெரியும். மோசடியா, டைப் அடித்தவரின் சோம்பலா என்பது தெரியாது. அதற்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பொதுத்துறைக்காரன்:
இல்லாததை விடுங்கள். இருந்த 2,326லும் 691 பயன்பாட்டில் இல்லை, 72 சதவீதத்தில் தண்ணீர் வசதி இல்லை என்று எங்கள் தலையில் எழுதுகிறார்களே! கட்டிக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. பள்ளி பூட்டி வைத்தால் நாங்கள் என்ன செய்ய?

ஏஜி_ஆபீஸ்_ஓய்வு:
அந்த வாதம் செல்லாது, ஐயா. தண்ணீரும் கை கழுவும் வசதியும் சேர்ந்ததுதான் கழிப்பறை என்பது விதிமுறையிலேயே இருந்தது. மூன்று முதல் ஐந்து வருடம் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணத்தில் பராமரிப்பதும் நிறுவனங்களின் பொறுப்பு. இதற்கும் சாம்பிள் முறைக்கும் சம்பந்தமில்லை.

பொதுத்துறைக்காரன்:
சரி, முறைக்கே வருகிறேன். 11 சதவீதம் என்று அச்சடிக்கும் அதே பாராவில், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை எவ்வளவு, பார்க்காத மாநிலங்களுக்கு இது பொருந்துமா என்று மூன்று வரி போடட்டும். பின்னிணைப்பில் ஒளிக்க வேண்டாம். அதைச் செய்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

புள்ளியியல்பித்தன்:
அதற்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் அந்த 200க்குப் பிழை எல்லை எதுவும் கிடையாது. அவை மதிப்பீடு இல்லை, நேரில் போய்த் தேடியவை. அவற்றுக்கு 'கட்டி முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டது யார்?

டேட்டாபிரியன்:
அந்தக் கையெழுத்தையாவது தரவுத்தளத்தில் தேடலாமா?